"இருக்கேன்" என்ற பெட்டி

அன்புமணியைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தொந்தரவு மட்டும் அவனுக்கு ஆகாது. அதுதான் வினையாகப் போயிற்று.

திருவொற்றியூரில் அவன் நெட்வொர்க் பார்த்துக்கொண்ட கன்டெய்னர் யார்டிலிருந்து கம்ப்யூட்டர் தகவல் வெளியே போக இரண்டு வழி. டிரெய்லர்கள் கேட்டைத் தாண்டத் தேவையான கேட் பாஸ் மட்டும் மொட்டை மாடி ரேடியோ வழியாக மாத்தூர் டவருக்குப் போகும், மற்றதெல்லாம் கேபிளில். தகவலை வழி பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் என்ற கருவியில் அந்த விதியை எழுதியவன் அவனே. பத்து விநாடிக்கு ஒருமுறை ஸ்விட்ச் டவரைக் கூப்பிட்டு, "இருக்கியா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் கேட் பாஸையும் கேபிளுக்குத் திருப்பிவிடும்.

மழைக்கும் கரண்டுக்கும் டவர் அடிக்கடி ஊமையாகும். ஒவ்வொரு முறையும் அன்புமணியின் செல்லுக்கு அலாரம், கூடவே மேனேஜர் ஜெபினின் அதட்டல். ஒருநாள் எரிச்சலில், டவரைக் கேட்க வேண்டாம், நம் மாடியில் இருக்கும் ரேடியோ பெட்டியைக் கேட்டால் போதும் என்று மாற்றிவைத்தான். பெட்டி எப்போது கேட்டாலும் "இருக்கேன்" என்றது. அலாரம் அடங்கியது.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசி மழையில் டவர் படுத்தபோதும் பெட்டி "இருக்கேன்" என்றே சொன்னது. ஸ்விட்ச் அதை நம்பி, கேட் பாஸை எல்லாம் செத்த வழியிலேயே அனுப்பியது. டவர் தானாக எழும்வரை நாலு மணி நேரம் டிரெய்லர்கள் எண்ணூர் சாலையை அடைத்து நின்றன. கப்பல் சரக்கை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கேட் கம்ப்யூட்டரில் இருந்த செங்கொடி பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிச் சொருகியதை ஜெபின் பார்த்துவிட்டார். கெடுத்தது அவள்தான் என்று முடிவுகட்டி, மறுநாளிலிருந்து அவளை வரவேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலமே அன்புமணி ஸ்விட்சின் பதிவைப் பார்த்தான். நாலு மணி நேரமும் 'வழி சரி' என்று இருந்தது. பெட்டியை விட்டு டவரையே கேட்கும்படி சத்தமில்லாமல் திரும்ப மாற்றினான், வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் நாற்காலியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் ஜெபினிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

"விடும்வே. உம்மையும் அனுப்பிட்டு நான் ஆளுக்கு எங்க போவேன்? அந்தப் புள்ள இடத்துக்கு நேத்தே ஆள் போட்டாச்சு."

அன்று மத்தியானம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் செங்கொடி வந்தாள். அன்புமணி அவளைக் கேட்டிலேயே நிறுத்தினான்.

"தப்பு உன்னுது இல்ல தங்கச்சி. என்னுது. நான்தான் ஸ்விட்சுல கைய வெச்சேன்."

அவள் முகம் மலர்ந்தது. "மெய்யாலுமா அண்ணே? நான்தான் ஒயரப் புடுங்கி கெடுத்துட்டேன்னு வூட்ல மூஞ்சி காட்ட முடியாம கீறேன்!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "உனுக்கு எப்போ தெரியும்?"

'இன்னிக்குத்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"அன்னிக்கே."

செங்கொடி அட்டையை அவன் கையில் வைத்துவிட்டு, டிரெய்லர்களுக்கு நடுவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.