பிறந்த வீட்டுக் கோடி

மாமியாரைக் கடைசியாகக் குளிப்பாட்டச் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள் சுகுணா. தெருவில் கொட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. கார்க் கதவுகளைப் படீர் படீரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. கொல்லைப்பக்கத்துக் கீற்றை விலக்கி எட்டிப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நாலு விரலில் மோதிரம். அட, வந்தேவிட்டானே!

வந்தவன் உதயசூரியன். செத்துக் கிடக்கிற அழகம்மாளின் அண்ணன் வீரய்யாவுக்கு மகன். ரோடு காண்டிராக்டர். எந்த ஆபீசிலும் தனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். பின்னால் அவன் பெண்டாட்டி பொற்கொடி, வெண்கலத் தாம்பாளத்தில் பட்டுச்சேலையும் ரோஜாப்பூ மாலையுமாக இறங்கினாள். கிளிப்பச்சையில் சிவப்புக் கரை, உள்ளங்கை அகலத்துக்குச் சரிகை. கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிறவள் தோற்றாள் போங்கள். அறுபது வருஷமாக வெள்ளையைத் தவிர வேறொன்றும் உடுத்தாத ஒருத்திக்கு இந்தச் சேலை. அத்தை என்ன நிறத்தில் கட்டும் என்று ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட அந்த வீட்டில் நாதியில்லை.

அழகம்மாள் பிறந்த கொடும்பாளூரிலிருந்து இந்த வல்லத்திராக்கோட்டைக்குக் காரில் வந்தால் ஒன்றரை மணி நேரம். அதைக் கடந்து வர அந்த வீட்டுக்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

"அத்தே! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று உதயசூரியன் வாசலில் நின்று குரல் கொடுத்தான். குரல் மட்டும்தான் வந்தது. கண் வேறெங்கோ, எத்தனை பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

சுகுணாவின் புருஷன் குழந்தைசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். பெற்ற தாய் உள்ளே கிடக்கிறாள். இவன் மச்சானுக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான்.

"வாங்க மச்சான், வாங்க. ஒங்களுக்காகத்தான் எடுக்காம வச்சிருக்கோம்."

விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய் யாரிடம் குசுகுசுவென்று போன் பேசினான் என்பது சுகுணாவுக்கு இப்போது புரிந்தது.

கிழவி ஒன்றும் தங்கம் இல்லை. சுகுணா அதை யாரிடமும் மறைத்ததில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இவள் வைத்த குழம்பில் ஒருநாள்கூட உப்புச் சரியாக இருந்ததில்லை, கிழவியின் நாக்குக்கு. மருமகள் பிறந்த ஊரையும் விட்டதில்லை, அவள் நடக்கிற நடையையும் விட்டதில்லை. ஆனால் அந்த முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். போன ஆடி மாதம், சுகுணா முதுகு தேய்த்துவிடும்போது.

"நான் செத்தா அந்த வீட்டுக் கோடிச் சேலை எம்மேல படக் கூடாது. ஒம் புருசன்கிட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல. ஒங்கிட்டச் சொல்றேன்."

"ஆமா, வந்துட்டாலும்!" என்று சிரித்தாள் சுகுணா.

"சிரிக்காதடி. சொல்லு."

"சரி அத்தே. படாது. போதுமா?"

காரணம் ஊருக்கே தெரியும். அழகம்மாளுக்கு இருபத்து நாலு வயதில் புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். கையில் நாலு வயதுக் குழந்தைசாமி, வயிற்றில் பரிமளா. பதினாறாம் நாள் தாலியைக் கழற்றி வாங்கும்போது பிறந்த வீட்டுக் கோடி தோளில் விழ வேண்டும். அறுத்தவளாகவே போனாலும் உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அந்த ஒரு சேலைதான் சொல்லும். அண்ணன் வீரய்யாவுக்கு இரண்டு முறை ஆள் போனது. வரவில்லை. கோடியைப் போட்டால் தங்கச்சி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாள் என்று பயம், அந்தப் பெரிய மனுஷனுக்கு. உச்சிப்பொழுது வரை ஈரத்தலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாளாம் அழகம்மாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி தன் பழஞ்சேலையை அலசிக் கொண்டுவந்து போட்டாள்.

அதற்கப்புறம் அவள் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. களை எடுத்தாள், கதிர் அறுத்தாள், கருவேலங்கட்டையைத் தலையில் சுமந்து புதுக்கோட்டை வரை நடந்தாள். மகனைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள், மகளுக்குக் கல்யாணம் செய்தாள். அண்ணன் செத்த சேதி வந்த அன்று சுகுணாவைக் கூப்பிட்டு மீமிசல் கருவாட்டில் குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்கு மட்டும் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுகுணா புருஷனைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள்.

"அந்தச் சேலையை வாங்கித் தனியா வைங்க. அத்தைக்கு அது ஆகாது. ஒங்களுக்கே தெரியும்."

"செத்தவங்களுக்கு என்னடி தெரியப் போவுது? நம்ம பய ரகுநாத்து வேலைக்கு இவருதான் சொல்லிருக்காரு. அடுத்த மாசம் ஆர்டர் வந்துரும். நீ பாட்டுக்கு எதையாச்சும் இழுத்து விட்டுறாத. வாயை மூடிக்கிட்டு இரு."

ஆர்டராம்! நாலு வருஷமாக அடுத்த மாசம், அடுத்த மாசம் என்கிறான் அந்தக் காண்டிராக்டர். ரகுநாத்தும் அவனுக்குச் சிமெண்டு மூட்டை எண்ணிக்கொண்டு அலைகிறான். சுகுணா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். இவனுக்காகவா அந்தக் கிழவி புதுக்கோட்டை வரை விறகு சுமந்தாள்? கருமம். ஆனாலும் மகனின் வேலை என்றதும் அவளும் ஒருமுறை யோசிக்கத்தான் செய்தாள். மகன் அவளுக்கும்தான் மகன்.

"நீர்மாலைத் தண்ணி வந்துருச்சு, குளிப்பாட்டப் பொம்பளைங்க வாங்க!" என்று குரல் கேட்டது.

அழகம்மாளைத் தூக்கிக் கொல்லையில் பெஞ்சின்மேல் உட்கார வைத்தார்கள். மகள் பரிமளா பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். குளிப்பாட்டுகிற இடத்துக்கு ஆம்பளை எவனும் வரக் கூடாது. சுற்றிச் சேலையால் மறைத்துப் பிடித்து, உள்ளே வைத்துத்தான் உடுத்தியதை அவிழ்க்க வேண்டும். கீற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

"மறைக்கச் சேலை எடுங்கடி" என்றாள் பரிமளா அழுகையினூடே.

சுகுணா தாம்பாளத்தருகே போனாள். மாலையை நகர்த்தினாள். பட்டை எடுத்து மடிப்புக் கலைய ஒரு உதறு உதறினாள். சரிகை வெயிலில் பளபளத்தது. ஒரு பக்கத்து முனைகளை இரண்டு பங்காளி வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்தாள். மறுபக்கத்து முனைகள் இரண்டையும் பொற்கொடியின் இரண்டு கைகளிலும் திணித்தாள்.

"புடிங்கக்கா. பொறந்த வீட்டுக்காரவங்க நீங்கதான் புடிக்கணும்."

"ஐயய்யோ, இது கோடிங்க! பதினெட்டு முழப் பட்டு—"

"கோடிதான். மறைக்கத்தானே கோடி? நல்லா ஒசத்திப் புடிங்க."

பொற்கொடி வாயைத் திறப்பதற்குள் சுகுணா மாமியாரின் கொசுவத்தை உருவிவிட்டாள். இனி அவள் முனையை விட்டால் எண்பத்து நாலு வயதுக் கிழவியின் உடம்பு கீற்று இடுக்கு வழியே தெருவுக்குத் தெரியும். ஊர்ப் பழி மொத்தமும் கொடும்பாளூர் வீட்டின் தலையில் விழும். பொற்கொடி விடவில்லை. புருஷனைக் கூப்பிடவும் முடியவில்லை, அவன் வர முடியாத இடம் இது.

பரிமளா அழுகையை நிறுத்திவிட்டு அண்ணன் பெண்டாட்டி சுகுணாவைப் பார்த்தாள். ஒரு குடத்தை எடுத்து நீட்டினாள்.

சுகுணா எண்ணெய் வைத்தாள். சீயக்காயை அள்ளி அள்ளித் தேய்த்தாள். தண்ணீரை மெதுவாக ஊற்றலாம், அவள் ஊற்றவில்லை. குடம் குடமாகக் கவிழ்த்தாள். எண்ணெயும் சீயக்காயும் கலந்த தண்ணீர் தெறித்துப் பட்டின்மேல் வழிந்தது, சரிகையில் திப்பி திப்பியாக ஒட்டியது, கரை சேற்றில் புரண்டது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாழ்நாளில் மாமியாரை இத்தனை ஆசையாக அவள் குளிப்பாட்டியதில்லை.

கீற்றுக்கு அப்பாலிருந்து குழந்தைசாமியின் குரல் வந்தது. "என்ன, கோடி போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் தான் வாங்கிய வெள்ளை நூல்சேலையைப் பிரித்து, மாமியார் கட்டுகிற பாங்கிலேயே பின்கொசுவம் வைத்து இறுக்கிக் கட்டினாள். பரிமளா மாராப்பைச் சரிசெய்தாள்.

"பொற்கொடி!" என்று உதயசூரியன் வெளியிலிருந்து சத்தம் போட்டான். "சேலை நல்லாத் தெரியற மாதிரி வச்சு ஒரு போட்டோ எடுத்துக்க. குரூப்புல போடணும்."

பொற்கொடி சுகுணாவைப் பார்த்தாள்.

"இனிமே விடலாங்கக்கா" என்றாள் சுகுணா.

பட்டு தொப்பென்று ஈரத்தில் விழுந்தது. சுகுணா கீற்றை விலக்கிவிட்டாள். முதுகு காட்டி நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைசாமி தாயைப் பார்த்தான், கீழே கிடந்ததைப் பார்த்தான், அப்புறம் மச்சானின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கொட்டுக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

சுகுணா முந்தானை நுனியைச் சுருட்டி, மாமியாரின் காதுக்குள் நின்ற தண்ணீரைத் துடைத்தாள்.