பொம்மசந்திரா பஸ்

டாக்டர் ஸ்ரீரஞ்சனிக்குக் கேள்வி கேட்காமல் பேச வராது. குழந்தை மருத்துவ மேற்படிப்புக்காக வார்டு வார்டாக ஓடியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். காய்ச்சல் எப்போதிலிருந்து, சாப்பிட்டானா, தூங்கினானா. வீட்டுக்குப் போனால் அம்மாவிடமும் அதே விசாரணைதான். அதனால், பெங்களூரில் ஆடுகோடிப் பக்கம் அவள் படித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகளின் வளர்ச்சியையும் நடத்தையையும் பார்க்கும் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போனபோது, பிரிவின் தலைவி டாக்டர் மௌரீன் சொன்னதைக் கேட்டு அவள் மலைத்துப்போனாள்.

விளையாட்டு அறையில் குழந்தையோடு தரையில் உட்கார வேண்டும். குழந்தை என்ன செய்கிறதோ அதை வாயால் சொல்லிக்கொண்டிருக்கலாம். கேள்வி கூடாது. இதைச் செய், அதை எடு என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசாத குழந்தை திடீரென்று பேசிவிட்டால் கைதட்டிக் கொண்டாடவே கூடாது. ஒன்றும் நடக்காதது போல இருக்க வேண்டும்.

அவளுக்குக் கிடைத்த குழந்தை சங்கமித்ரா. நாலரை வயது. பொம்மசந்திராவில் தன் வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. எல்.கே.ஜி. டீச்சர் இதுவரை அவள் குரலையே கேட்டதில்லை. அம்மா காந்தா, அங்கேயே ஒரு ஃபேக்டரியில் வேலை பார்ப்பவள், ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். போனில் ஒரு வீடியோ காட்டினாள். அதில் சங்கமித்ரா ஒரு பூனையைக் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தாள். இது பிடிவாதம் இல்லை, பயம், பதில் கேட்கக் கேட்க வாய் இன்னும் இறுகிப்போகும் என்று மௌரீன் விளக்கியிருந்தார்.

அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, உள்ளே இருப்பவர்களுக்கு மறுபக்கம் தெரியாது. மறுபக்கம் மௌரீனும் மற்றப் பயிற்சி மருத்துவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஸ்ரீரஞ்சனியின் காதில் சின்னதாக ஒரு ப்ளூடூத். மௌரீன் சொல்வது அதில் கேட்கும். காந்தா மூலையில் உட்கார்ந்தாள். சங்கமித்ரா நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டாள்.

"இது பஸ்ஸா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"கேள்வி," என்றது காது.

"நீதான் டிரைவரா?"

"ரஞ்சனி, அதுவும் கேள்வி."

அப்போதுதான் அவளுக்கு விபரீதம் புரிந்தது. தமிழில் எந்தச் சொல்லின் கடைசியிலும் ஓர் 'ஆ' இழுத்துவிட்டால் போதும், கேள்வியாகிவிடுகிறது. அந்த 'ஆ' வருவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, "இது பஸ்ஸ்ஸ்ஸ்..." என்று பாதியில் நிறுத்தினாள்.

சங்கமித்ரா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. ஸ்ரீரஞ்சனியின் கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்த வைத்தாள். குழந்தை அதைப் பஸ் கதவு திறக்கும் சத்தம் என்று நினைத்துவிட்டாள் என்பது ஸ்ரீரஞ்சனிக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. அந்த நிமிடத்திலிருந்து டாக்டர் ஸ்ரீரஞ்சனி, எம்.பி.பி.எஸ்., கதவானாள்.

ஒரு கரடிப் பொம்மை ஏறியது, ஸ்ஸ்ஸ். அம்மாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தாள், ஸ்ஸ்ஸ். சங்கமித்ரா பழைய பேப்பரைக் கிழித்து எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தாள். "கண்டக்டர் டிக்கெட் குடுக்கறாங்க. கரடிக்கு ஒண்ணு, அம்மாக்கு ஒண்ணு," என்று கதவு அறிவித்துக்கொண்டே இருந்தது. கண்டக்டரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கதவுக்கு இதயம் அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் நிஜக் கதவு திறந்தது.

குழந்தை மருத்துவத் துறைத் தலைவர், பேராசிரியர் சீனிவாசராகவன் நின்றார். ரவுண்ட்ஸில் அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்து காலையில் சாப்பிடாமல் வருபவர்கள் உண்டு. மௌரீனைத் தேடி வந்தவர் அறை மாறி நுழைந்துவிட்டார். தன் மாணவி தரையில் குந்தியபடி பாம்பு போலச் சீறுவதைப் பார்த்து, வாயைத் திறந்தார். வரப்போவது கேள்விதான் என்று ஸ்ரீரஞ்சனிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காதில் மௌரீன், "ஐயோ" என்று மட்டும் சொன்னார்.

"ஒரு பேசஞ்சர் ஏறியிருக்காரு," என்றாள் ஸ்ரீரஞ்சனி அவசரமாக, கரடியைப் பார்த்துக்கொண்டே. "இந்தப் பேசஞ்சர் யாரையும் எதுவும் கேக்க மாட்டாரு. அமைதியா உக்காந்துக்குவாரு."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, முழங்கால் மோவாயில் இடிக்க, அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார்.

சங்கமித்ரா அவர் முன்னால் போய் நின்றாள். டிக்கெட்டை நீட்டவில்லை. அவரை மேலும் கீழும் அளந்தாள்.

"லேடீஸுக்குத்தான் ஃப்ரீ," என்றாள். கணீரென்று கேட்டது. "நீங்க காசு குடுங்க."

காந்தா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். ஸ்ரீரஞ்சனிக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எதுவோ தடாலென்று விழுந்தது.

பேராசிரியர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வெள்ளைக் கோட்டுப் பையைத் துழாவினார். காசு இல்லை. போனை எடுத்து நீட்டினார்.

"சில்ற," என்றாள் கண்டக்டர்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்போ இளீரி," என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லி உத்தரவு போட்டாள் சங்கமித்ரா. கையால் வெளியே காட்டினாள். "ரைட், ரைட்."

கதவு ஸ்ஸ்ஸென்று திறந்தது. பேராசிரியர் மரியாதையாக இறங்கி ஓரமாக நின்றார். பஸ் பொம்மசந்திரா தாண்டி அத்திபெலே வரை போய்த் திரும்பியது. வழியெல்லாம் கண்டக்டர் கரடியை முன்னால் நகரச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள். யாரும் அவளைப் பாராட்டவில்லை. பாராட்டாமல் இருப்பது அவ்வளவு வலிக்கும் என்று ஸ்ரீரஞ்சனி அதற்கு முன் அறிந்ததில்லை.

அம்மாவும் மகளும் வராந்தாவைக் கடந்து, படியிறங்கி, கேட்டுக்கு வெளியே போகும்வரை மற்றவர்கள் பொறுத்தார்கள். அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தது. மௌரீன் ஓடி வந்து ஸ்ரீரஞ்சனியைக் கட்டிக்கொண்டார். அவள் தரையிலேயே மல்லாந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழுகையும் வந்தது. சிரிப்பு அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சீனிவாசராகவன் கோட்டை உதறிக்கொண்டு, முப்பது வருட சர்வீஸில் தன்னை யாரும் இறக்கிவிட்டதில்லை என்றார். சாயங்காலத்துக்குள் லிஃப்ட் ஆபரேட்டர் வரை எல்லோரிடமும் அவரே அதைச் சொல்லி முடித்திருந்தார்.

அடுத்த வாரம் சங்கமித்ரா மறுபடி வாயே திறக்கவில்லை. அப்படித்தான் இருக்கும், மறுபடி தரையில் உட்கார் என்றார் மௌரீன் ஸ்ரீரஞ்சனியிடம். உட்கார்ந்தாள். சில வாரம் கிசுகிசுப்பு, சில வாரம் முழுப்பேச்சு. மழை தொடங்கிய பிறகு ஒரு மதியம், வெளிநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே ஸ்ரீரஞ்சனி அலறும் குழந்தை ஒன்றின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காந்தா போன் செய்தாள். ஸ்கூலில் ஆயாவிடம் போய், டிபன் டப்பா மூடி திறக்க வரவில்லை என்று சங்கமித்ரா தன் வாயால் சொல்லியிருக்கிறாள். ஆயா, சொல்லி வைத்தபடி, ஒன்றும் பேசாமல் திறந்து கொடுத்துவிட்டு, சமையல் கட்டுக்குள் போய் ஆடியிருக்கிறாள்.

ஸ்ரீரஞ்சனி போனைக் காதில் வைத்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. எதிரே இருந்த அந்தக் குழந்தையின் அப்பா எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார். அலறிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அழுவதை மறந்துபோனது.