பையில் மூன்று இடம்

சனிக்கிழமைதான் போட்டி. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலமே ஏசிக்காரர் கோல்ஃப் சாமான் கடைக்கு வந்து, கவுண்டர் மேல் நான்கு வெட்ஜ்களை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டார்.

"மூணுக்குத்தான் எடம் இருக்குண்ணே. எத விடறதுன்னு சொல்லுங்க."

கடைக்காரரை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மட்டையைக் கையில் எடுத்தாலும் அதன் முகம் எத்தனை டிகிரி சாய்வு என்று சொல்லிவிட்டுத்தான் அவருக்கு அடுத்த பேச்சு.

"நாப்பத்தாறு, அம்பத்திரெண்டு, அம்பத்தாறு, அறுபது. நாலும் தங்கம். கட்டின பொண்டாட்டியக்கூட ஒரு நாள்ல பாத்து முடிச்சுட்டேன் தம்பி, வெட்ஜ் எடுக்கத்தான் ஒரு வருஷம் ஆச்சு எனக்கு" என்று சொல்லிவிட்டு டிகிரி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏசிக்காரரின் மனைவி நாலு மாதமாகத் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

ஏசிக்காரர் அதைக் காதில் வாங்காத மாதிரி, துணியால் ஒரு வெட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெட்ஜ் என்பது கிட்டத்து அடிக்கான மட்டை. சாய்வு கூடக் கூட பந்து உயரமாகக் கிளம்பும், தூரம் குறையும். அந்த நாலில் மூன்று அவருடையவை. அம்பத்தாறு மட்டும் மனைவியுடையது. வருஷா வருஷம் நடக்கும் தம்பதிப் போட்டியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஆளுக்கு ஓர் அடியாக மாறி மாறி அடிக்க வேண்டும். ஒரே பையிலிருந்தும் இரண்டு பேரும் ஆடலாம், ஆனால் பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. பதினெட்டு வருஷமாக அவர்கள் ஒரே பைதான். "நான்தானே சொமக்கறேன், எதுக்கு ரெண்டு?" என்பார். மற்றதெல்லாம் போக வெட்ஜுக்கு மூன்று இடம்தான் மிஞ்சும். வருஷா வருஷம் அந்த மூன்றும் அவருடையதாகத்தான் இருக்கும். "இந்தத் தடவ ஒன்னோடது வேணாம்மா, அடுத்த தடவ வச்சுக்கலாம்." அவள் தலையாட்டிவிட்டு, அவருடைய நீளமான மட்டையைப் பாதிக் கம்பியில் பிடித்து அடிப்பாள்.

இந்த வருஷப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது அவள் போவதற்கு முன்னால். போன வாரம் தயங்கித் தயங்கி போன் செய்தார். "பேர் குடுத்தாச்சுல்ல, வரேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வாரமாகச் சோறு இறங்குகிறது. ஆட்டம் நல்லபடியாக முடிந்தால் அப்படியே தன் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டார்.

"தங்கச்சி இந்த அம்பத்தாறுல எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்று கேட்டார் டிகிரி.

ஏசிக்காரர் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. தன்னுடைய தூரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாப்பத்தாறில் நூற்றிப் பதினைந்து யார்டு, அம்பத்திரெண்டில் தொண்ணூற்றைந்து. அறுபதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னால் அதை வைத்து ஒரு மரத்தைத் தாண்டிப் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கிய கதையைக் கேட்காத ஆள் அந்த மைதானத்தில் கிடையாது. புல் வெட்டுகிறவர்கூடக் கேட்டாயிற்று.

"எம்பது இருக்கும்" என்றார்.

டிகிரி மட்டையைத் தூக்கிப் பார்த்தார். துருப்பிடித்து, பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "எம்பதா? சரி, அப்ப அறுபத வீட்ல வச்சுட்டு இத எடுத்துக்கங்க. புதுப் பிடி போட்டுத் தரேன். தங்கச்சிக்குக் கை எப்படி? சின்னதா, பெருசா?"

"சாதாரணக் கைதாண்ணே."

"சாதாரணக் கைன்னு ஒரு சைஸ் இல்ல தம்பி."

ஏசிக்காரர் தன் கையை விரித்துப் பார்த்தார். "நடு சைஸ் போட்ருங்க."

ராத்திரி அந்த வெட்ஜை மடியில் வைத்துக்கொண்டு, ஏசி கம்ப்ரசரைத் துலக்கும் பிரஷால் துரு போகத் தேய்த்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு எதிரே அவளுடைய சின்ன மேஜை. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே மாத்திரை எண்ணிக் கொடுப்பவள், வீட்டில் உட்கார்ந்து படிக்க என்று கேட்டு வாங்கிய மேஜை. ஏதோ மேல்படிப்புக்குப் பணம் கட்டியிருந்தாள். அந்த அறை முழுக்கப் பழைய ஏசிகளும் செம்புக் குழாயும். ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மேஜை மேல் ஒரு கம்ப்ரசர் உட்கார்ந்திருந்தது. புத்தகங்கள் தரையில், எண்ணெய்க் கறையோடு. "ரெண்டே நாளு, எடுத்துர்றேன்" என்றார் அவர். அவள் கத்தவில்லை. புத்தகங்களைத் துடைத்து ஒரு பையில் போட்டாள். "நானும் ரெண்டு நாளு தங்கச்சி வீட்ல இருந்துட்டு வரேன்" என்றாள்.

கம்ப்ரசரை மறுநாளே இறக்கிவிட்டார். மேஜையை மூன்று தடவை துடைத்தாயிற்று. கறை மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை காலை பையில் அவளுடைய வெட்ஜ் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணில் படுகிற மாதிரி நின்றது. பளபளவென்று, புதுப் பிடியோடு. மன்னிப்பு கேட்க அவருக்கு வாய் வராது. அந்த வெட்ஜ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

சகலையின் கார் வந்து நின்றது. முதலில் சகலை இறங்கினான். கோல்ஃப் தெரியாது, ஆனால் எதிலும் கூட நிற்பான்.

"என்ன சகலை, எளச்சுட்டீங்க? சொந்தச் சமையலா?"

"ஓட்டல் சமையல்டா."

"அதான் முகத்துல ஓட்டல் பில்லப் பாத்த களை தெரியுது."

பின் கதவைத் திறந்து அவள் இறங்கினாள். தோளில் ஒரு பை. சின்ன, சாம்பல் நிறக் கோல்ஃப் பை. புதியது. அதில் மட்டைகள்.

ஏசிக்காரர் அந்தப் பையையே பார்த்தார். "இது யாருது?"

"என்னோடதுங்க. ரெண்டு மாசமா காலைல பழகப் போறேன். அங்க ஒரு டீச்சரம்மா சொல்லிக் குடுக்கறாங்க. தனித்தனிப் பையாவும் ஆடலாமாம், ஆளுக்குப் பதினாலு வச்சுக்கலாமாம். விசாரிச்சுட்டேன்."

அவருக்கும் அந்த விதி தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

"ஒன்னோட வெட்ஜ எடுத்து வச்சிருக்கேன்" என்று உருவி நீட்டினார். "புதுப் பிடி போட்டிருக்கு."

அவள் வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் முழுசாகச் சுற்றவில்லை. அதைப் பார்க்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அவளுக்கு எவ்வளவு சின்னக் கை என்று.

"இது உங்க பழைய வெட்ஜுங்க" என்றாள், கோபமே இல்லாமல். "நீங்க புது செட் வாங்கினப்ப, இத எனக்குன்னு சொன்னீங்க. எனக்கு எப்பவுமே இது கனம். சொல்லியிருக்கேன்." பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "நல்லாத் தொடச்சிருக்கீங்க" என்று சேர்த்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சில குழிகளில் அவர் வழக்கம்போல் முழு பலத்தோடு அடித்துப் பந்தை எங்காவது ஏடாகூடமாகக் கொண்டுபோய்ப் போட்டார். அடுத்த அடி அவளுடையது. மணல் குழி, புதர், மரத்தடி. அவள் பேசாமல் தன் பையிலிருந்து ஒரு வெட்ஜை எடுப்பாள். அதை அவள் தேர்ந்தெடுக்கும் விதத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வெட்ஜ் வைத்திருந்தாள், மூன்றும் லேசானவை. ஒன்றைத் தொட்டு, வேண்டாம் என்று விட்டு, அடுத்ததை உருவுவாள். யாரையும் கேட்கவில்லை.

"சகலை, நீங்க குப்பைய கொட்டறீங்க, அண்ணி பெருக்கறாங்க" என்றான் பிஸ்கட் தின்றுகொண்டே நடந்த சகலை. "வீட்லயும் இப்படித்தானா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

பதினோராவது குழியில் பந்து மறுபடி மணலில். அவள் இறங்கி அடித்துவிட்டு, ஷூவிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

"ஏம்மா, ஒனக்கு எவ்வளவு தூரத்துல விட்டா வசதி?" என்று கேட்டார்.

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் என்ன இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

"அறுபதுங்க" என்றாள். "அறுபது யார்டுன்னா கண்ண மூடிட்டு அடிப்பேன்."

கடைசிக் குழி இருநூற்று எழுபது யார்டு. முதல் அடி அவருடையது. மற்ற வருஷங்களில் பெரிய மட்டையை எடுத்து எகிறியிருப்பார். பந்து குழிக்கு முப்பது, நாற்பது யார்டில் கோணலாகக் கிடக்கும். இன்றைக்குப் பெரிய மட்டையை வெளியிலேயே எடுக்கவில்லை. கையில் சின்னதை எடுத்துக்கொண்டு மனசுக்குள் கழித்துப் பார்த்தார். இருநூற்றுப் பத்து போக வேண்டும். ஒரு யார்டு கூட வேண்டாம். மூச்சை அடக்கி, மெதுவாக அடித்தார். அடித்த பிறகு நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார். தூரப் பலகையிலிருந்து காலடியால் அளந்தார். ஐம்பத்தொன்பது, அறுபது.

"அறுபதும்மா!" என்றார். அவருக்கே குரல் சின்னப் பையன் மாதிரிக் கேட்டது.

அவள் நடு வெட்ஜை எடுத்தாள். பந்து எழும்பி, ஒரு கணம் நின்று, குழிக்கு ஒரு கை தூரத்தில் இறங்கி அப்படியே உட்கார்ந்தது. மிச்சத்தை அவர் தட்டிவிட்டார். சகலை பிஸ்கட் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினான். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் குழியை மூன்றே அடியில் முடித்தது அதுதான் முதல் தடவை.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். அவர் தன் வண்டியின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த சாமானை நகர்த்தி இரண்டு பைக்கு இடம் செய்திருந்தார்.

அவள் தன் பையைச் சகலையின் காரில் வைத்தாள்.

"வரலியாம்மா? மேஜையெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன். அந்த ரூமயே காலி பண்ணித் தரேன்."

"இல்லங்க."

"நல்லாத்தானே ஆடினோம்?"

"ரொம்ப நல்லா ஆடினோம்." அவள் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள். "நீங்க கேட்டீங்கல்ல, எவ்வளவு தூரத்துல விடணும்னு. சந்தோஷமா இருந்துச்சுங்க. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவயாச்சும் கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். காத்துட்டு இருந்தப்பல்லாம் கேட்டிருந்தீங்கன்னா நான் எங்கயும் போயிருக்க மாட்டேன். இப்ப எனக்குன்னு ஒரு ரூம் பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வேறு ஏதாவது சொல்வாள் என்று நின்றார். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். கார்க் கதவு சாத்திக்கொண்டது. சகலை ஜன்னல் வழியாகக் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். அந்த ஒரு தடவைதான் அவனிடம் கேலி எதுவும் இல்லை.

ஏசிக்காரர் பின் கதவை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார். பிறகு பையை எடுத்து உள்ளே வைத்தார். பாதி இடம் காலியாகவே இருந்தது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அந்த அம்பத்தாறை டிகிரியின் கவுண்டரில் வைத்தார்.

"பிடிய மாத்திருங்கண்ணே. இருக்கறதுலயே சின்னதாப் போடுங்க. அவளுக்குச் சின்னக் கை."

டிகிரி வியாழக்கிழமை போட்ட பிடியைக் கத்தியால் கீறி உரித்தார். பசை வாசனை எழுந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று வழக்கமான கேள்வியையே கேட்டார்.

"தூரம் எவ்வளவுன்னு சொன்னீங்க தம்பி, எம்பதா?"

"இல்லண்ணே. இது அவளுக்குக் கனம். இதுல நாப்பத்தஞ்சு போனாலே அதிகம். அவ சொந்த வெட்ஜுல அறுபது. கண்ண மூடிட்டு அடிப்பா."

"அப்ப தங்கச்சிக்குத்தான் சொந்தமா இருக்கே. இது எதுக்கு? உங்களுக்குப் பிடி சேராதே."

"சேராது."

"உங்க பைக்கும் மூணு வெட்ஜுதானே?"

"அறுபத எடுத்துட்டேன்" என்றார் ஏசிக்காரர். "இது அங்க இருக்கட்டும்ண்ணே."

டிகிரி புதுப் பிடியைச் செருகி, கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அதைத் துடைத்து அவரிடம் நீட்டினார். ஏசிக்காரர் அதைப் பிடித்துப் பார்த்தார். அவருடைய விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளங்கையில் குத்தின. விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.