வயிற்றுக்கு ஓர் இடம்

தேவனின் மகன் பிறக்கும்போதே தொப்பையோடு பிறந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "மொதலாளி மாதிரி இருக்கான்லா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு பார்க்கும் தேவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வம்சத்தில் முதலாளி என்று ஒருவன் அதுவரை பிறந்ததே இல்லை.

அவனுடைய அக்கா விஜயராணிக்கு அதைவிடப் பெருமை. பெயர் வைக்கும் நாளில் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் கட்டுவது அத்தையின் உரிமை அல்லவா? பாச்சாங்கிலிருந்து தினமும் வந்து, நூலால் இடுப்பை அளப்பாள். நேற்றைய நூல் இன்றைக்குப் பற்றாது. உடனே நகைக்கடைக்கு ஓடி, இன்னும் இரண்டு கண்ணி சேர்க்கச் சொல்வாள். "தாய்ப்பாலு நல்லா ஒட்டுதுடா தம்பி" என்பாள். கைகால் மட்டும் குச்சியாகவே இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தவள் பெற்றவள்தான். "மூச்சு வாங்குதுங்க. ஒண்ணுக்கும் போகல" என்றாள் புனிதா. கண்பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்கள். நெடி தாங்காமல் வீடே இருமியது. நெடி வந்துவிட்டதால் கண்ணேறு இல்லை என்று முடிவாகி, எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். புனிதா மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டாள். தேவன் சோற்றுக்கையோடு சாவியைத் தேடினான்.

மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஃபரிஹா, உம்பாய் ஊர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் பெண், தேவனைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, கிட்னிக்கு மேல சின்னதா ஒரு கட்டி. நியூரோபிளாஸ்டோமா, புற்றுநோய்தான். கல்லீரலுக்குப் பரவி அது வீங்கிருச்சு. பச்சப்புள்ளைங்களுக்கு வர்ற இந்த வகை பல சமயம் தானாவே சுருங்கிரும். ஆனா அதுவரைக்கும் வயித்துல இடம் இல்ல. மூச்சை நெருக்குது, கிட்னிக்கு ரத்தம் போகல. வயித்தைத் தொறந்து விடணும்."

"கட்டிய எடுத்துருவீங்களா?"

"இல்லண்ணே. இடம் மட்டும்தான் குடுக்கப்போறேன். தொறந்த எடத்துல, உள்ள இருக்கறது பிதுங்கி வந்தா தாங்கிக்க ஒரு பை தைச்சு வைப்போம்."

பின்னாலேயே வந்து நின்ற விஜயராணி பதறினாள். "பையா? பாசார்ல மீன் கட்டித் தர்ற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா."

விஜயராணி சற்று யோசித்தாள். "அப்போ அரைஞாணைப் பைக்கு மேல கட்டுறதா, கீழ கட்டுறதா?"

டாக்டர் அறுவைக்குத் தயாராக உள்ளே போய்விட்டார். ஆனால் நடைகூடத்தில் சொந்தபந்தம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மேலே என்றால் பை நசுங்கும், கீழே என்றால் நழுவும். மருதமுத்து மாமா நடுநிலையாக, பிள்ளை படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கே கட்டிவிடலாம் என்றார்.

"எம் புள்ள செத்துக்கிட்டு இருக்கான்!" என்று தேவன் கத்தினான்.

விஜயராணி சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தாள். "தெனம் நாந்தானேடா அளந்தேன்" என்றாள். "அளந்து அளந்து சந்தோசப்பட்டேனே, பாவி."

தேவனுக்கு அவள் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவனும்தானே அந்தத் தொப்பையைப் படமெடுத்துத் தொழிற்சாலை முழுக்கக் காட்டினான்?

அறுவை முடிந்தது. சிறுநீர் வந்தால்தான் நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். தேவனும் புனிதாவும் கட்டிலருகே நின்று அந்த மெல்லிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு குடும்பமே மூத்திரம் வேண்டிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

குழாயில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. புனிதா தேவனின் கையை இறுகப் பிடித்தாள்.

தேவன் வெளியே ஓடி வந்தான். "போயிட்டான்! ஒண்ணுக்குப் போயிட்டான்!"

காவலாளி அதட்டியது யார் காதிலும் விழவில்லை. விஜயராணி எழுந்து வந்தாள்.

"வயிறு வத்திருச்சாடா?"

"இல்லக்கா. அப்படியேதான் இருக்கு. ஆனா மூச்சு விடுறான்."

அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். அந்த வயிறு சின்னதாக வேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.