சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா

கலீல் சாஹிபின் புதுக் கார் கடை வாசலில் வந்து நின்றதும் இம்தியாஸ் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினான். ஒலிமுகமது பேட்டையில் கார்களுக்குப் பாட்டு செட்டும் ஸ்பீக்கரும் பொருத்திக் கொடுக்கிற கடைக்காரனுக்குக் கார் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் இது அவன் தங்கை ஆஷிஃபா வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கார். ஓட்டி வந்தவர் அவளுடைய மாமனார், அதுவும் தனியாக.

வண்டி வாங்கிய அன்று அவர் வீட்டார் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. "கம்பெனிக்காரன் முடுக்கின ஸ்குரூவை எவனும் தொடக் கூடாது. வாரண்டி போச்சுன்னா போச்சு." பொதுவாகச் சொன்னாலும் அவர் கண் நின்றது மருமகளின் அண்ணன் மேல்தான். ஊரில் எந்தக் காரின் கதவைக் கழற்றலாம் என்று கை அரிக்கிறவன் யார் என்பது அவருக்குத் தெரியாதா?

அப்படியும் தொட்டுவிட்டான். மச்சான் தன்வீர் விடவில்லை. "செட்டு பார்க்க ஷோக்காத்தான் இருக்குது மச்சான். பாடினா தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்குது. அப்பாவுக்குத் தெரியாம ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுக் குடேன்பா" என்று நச்சரித்தான். தங்கையின் புருஷன் வாய் விட்டுக் கேட்டதை முடியாது என்று சொல்கிற அண்ணன் இன்னும் பிறக்கவில்லை.

வேலை சுத்தம். அதில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. செட்டின் முகத்தில் ஒரு கீறல் கிடையாது. கம்பெனி வயர் ஒன்றைக்கூட வெட்டாமல், தனியாக ஒரு பிளக் செய்து, செட்டுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயரை நுழைத்திருந்தான். பாட்டரியிலிருந்து கரண்ட் வருகிற வழியில் ஃப்யூஸ் வைத்து, பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் எர்த் கொடுத்து, அந்த ஆம்ப்ளிஃபயர் டப்பாவை டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் ஒளித்துவிட்டான். வயர்கள் வந்து சேரும் ஸ்குரூக்களுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதைப் போட்டால் சீட்டு நகரும்போது உரசியது. சீட்டுக்கு அடியில் எவன் கை விடப் போகிறான் என்று மூடியை எடுத்துக் கடை மேஜை மேல் போட்டுவிட்டான்.

விஷயம் வெளியே வந்தால் தனக்கு என்ன ஆகும் என்பது அவன் கவலை இல்லை. 'பொண்ணு வீட்டுக்காரன் வண்டியைக் கெடுத்துட்டான்' என்ற சொல் கடைக்கு வராது, ஆஷிஃபா நிற்கிற சமையலறைக்குத்தான் போகும். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்த வீட்டில் அவள் சிரித்தால் தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்கும். இப்போது போனில் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுகிறாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றால், "இருக்கேண்ணா" என்று மெல்லச் சொல்லி வைத்துவிடுகிறாள். அந்த மெல்லிய குரல் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

கலீல் சாஹிப் இறங்கித் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கடைக்குள் வந்தார்.

"செட்டு பாடமாட்டேங்குது பேட்டா."

இம்தியாஸ் அவருக்குப் பின்னால் தெரிந்த காரைப் பார்த்தான். "என்ன ஆச்சு மாமு?"

"ஸ்கிரீன்ல கவ்வாலிப் பாட்டு ஓடுது. சவுண்டு ஏத்தினா நம்பரும் ஏறுது. சத்தம் மட்டும் வரல."

செட்டு எரிந்துவிட்டது என்று இம்தியாஸ் முடிவே கட்டிவிட்டான். கம்பெனிக்கு எடுத்துப் போவார்கள். அவர்கள் கழற்றுவார்கள். டப்பா பல்லைக் காட்டும்.

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமு. நான் பார்த்துட்டு வண்டியைக் கொண்டாந்து விடறேன்."

"போகமாட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது உன் மச்சானுக்குத் தெரியக் கூடாது. நான்தான் கெடுத்துட்டேன்."

இம்தியாஸுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. கலீல் சாஹிப் முகத்தில், திருடனுக்குத் தேள் கொட்டிய களை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு தன் முகத்தில் இருந்ததும் அதே களைதான் என்று அவனுக்குப் பட்டது.

கலீல் சாஹிபின் தொழில் பழைய பட்டுப் புடவை வாங்குவது. கிழிந்த புடவையானாலும் அதன் கரையையும் முந்தியையும் வெட்டி, ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிறவர்களிடம் சேர்ப்பார். புது வண்டியில் அந்த மூட்டைகளை ஏற்றவே கூடாது, பூச்சி உருண்டை நாற்றம் ஏறினால் போகாது என்று தன்வீர் கட்டளை போட்டிருந்தான். அவன் இன்றைக்குச் சென்னைக்குப் போய்விட்டான். சாயங்காலம்தான் வருவான். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தென்னேரிக்கு மூட்டை எடுக்கப் போய்விட்டார்.

"டிக்கியில வெச்சிருக்கலாமே மாமு?"

"ஜரிகையை டிக்கியில வெக்கிறவன் வியாபாரியாடா? கை எட்டுற தூரத்துல இருக்கணும். பஸ்ஸுல போன காலத்துல மூட்டை மேலயே உக்காந்துக்கினு வருவேன். இந்த வண்டியில பக்கத்து சீட்டுக்கு அடியில தள்ளினேன். ஏதோ இடிச்சுது. காலால ஒரு உதை விட்டேன், போயிடுச்சு. வாலாஜாபாத் தாண்டல, பாட்டு நின்னுடுச்சு."

உதை! இம்தியாஸ் கண்ணை மூடித் திறந்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், சாவியைத் திருப்பி செட்டைப் போட்டுவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து, துணிப் பையை வெளியே இழுத்துப் போட்டு, மண்டியிட்டுத் தலையைச் சீட்டுக்கு அடியில் நுழைத்தான். அங்கே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்சீட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு தலை நுழைந்தது. தாடியும் தொப்பியுமாக.

"இது என்னடா, சிவப்பா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கம்பெனி வைக்கிற டப்பா மாமு. இதைச் சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார், தங்கை தப்பினாள். வாயைத் திறந்தும் விட்டான். அதற்குள் கலீல் சாஹிபே பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. வாங்கின புதுசுல இந்த செட்டு மூக்கடைச்சவன் மாதிரி பாடிச்சு. இப்போ பாரு, தபேலாவுல விரல் படறது தனியா கேக்குது! வண்டி ஓட ஓட தானா பழகிக்குதுபா. என்ன இருந்தாலும் கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான். அந்தப் பாட்டுக்காகவே சுத்து வழியா போய்க்கினு இருக்கேன்."

இம்தியாஸ் எதையும் தாங்குவான். கெட்ட பெயர் தாங்குவான், திட்டும் தாங்குவான். தன் கை வேலைக்குக் கம்பெனிக்காரன் பெயர் வாங்கிப் போவதை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை.

"தானா ஒண்ணும் பழகல மாமு. நான் பழக்கினேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சீட்டுக்கு அடியில் இரண்டு முகங்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. இனி மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். கடைசியில், "என்னை என்ன வேணா சொல்லுங்க மாமு. ஆஷிஃபாவை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான்.

கலீல் சாஹிப் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க!" என்று இம்தியாஸ் ஓடிப்போய் சாவியை அணைத்து, பானெட்டைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு வந்தான். பிறகு டார்ச்சை நெருக்கிப் பிடித்துப் பார்த்தான். மூடி இல்லாத ஸ்குரூக்களின் மேல், பையிலிருந்து நழுவிய கரைத் துண்டின் பிரிந்த ஜரிகை இழைகள் சிக்கிக்கொண்டு, ஒரு ஸ்குரூவிலிருந்து பக்கத்து ஸ்குரூவுக்குப் பாலம் போட்டிருந்தன.

குறட்டால் ஒவ்வொரு இழையாக எடுத்தான். கலீல் சாஹிப் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அசல்" என்றார். "பிளாஸ்டிக் ஜரிகையா இருந்திருந்தா கரண்டே பாஞ்சிருக்காது. உன் டப்பாவும் தப்பிச்சிருக்கும், நீயும் தப்பிச்சிருப்பே."

திட்டுகிறாரா கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. ஃப்யூஸைப் போட்டான். "ஷார்ட் ஆச்சுன்னா டப்பா தன்னைத்தானே காப்பாத்திக்க மூடிக்கும் மாமு. செத்துப் போயிருக்காது. மூச்சைப் பிடிச்சுக்கினு இருக்கும்" என்றான். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்பினான்.

சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கவ்வாலி விட்ட இடத்திலிருந்து, கைத்தட்டலோடு, கார் நிறையக் கிளம்பியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இருவர் வாயிலும் ஒன்றாக வந்தது. இம்தியாஸ் அப்படியே கதவோரம் உட்கார்ந்தான். கம்பெனி செட்டு உயிரோடு இருந்தது. அதுவே பாதி பாரம் இறங்கிய மாதிரி.

பாட்டு சட்டென்று நின்று மணி அடித்தது. கலீல் சாஹிபின் போன் வண்டியோடு இணைந்திருந்தது. அவர் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்த, நாலு ஸ்பீக்கரிலும் ஆஷிஃபாவின் குரல் வந்தது.

"மாமு, சத்தம் வந்துச்சா? அண்ணன் கடைக்குத்தானே போனீங்க? மூட்டையை அங்கேயே வெச்சுட்டு வாங்க. இவரு சாயங்காலம் வந்து மோந்து பார்ப்பாரு. சீட்டுல அத்தர் தெளிச்சு வெக்கிறேன்."

இம்தியாஸ் வாயைப் பிளந்தான்.

"வந்துச்சும்மா" என்றார் கலீல் சாஹிப். "சீட்டுக்கு அடியில ஒரு டப்பாவும் வந்துச்சு. உனக்குத் தெரியுமா?"

இம்தியாஸ் ஸ்பீக்கரையே பார்த்தான்.

"மாமு…" என்றாள். "பாட்டு நல்லாத்தானே இருக்குது?"

"இருக்குது. அதுக்குன்னு?"

"அப்போ நீங்க டப்பாவைப் பார்க்கல, அவரு மூட்டையைப் பார்க்கல. யாருக்கும் எதுவும் தெரியாது." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தெருக்கோடி டீக்கடைக்குக் கேட்கிற பழைய சிரிப்பு. ஒரு இரைச்சல் இல்லாமல், கரகரப்பு இல்லாமல், நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. கலீல் சாஹிபும் தாடி குலுங்கச் சிரித்தார்.

"போன்ல இப்படிச் சிரிச்சதே இல்ல மாமு" என்றான் இம்தியாஸ், அவள் வைத்த பிறகு. "மெல்லத்தான் பேசும்."

"உனக்கு மத்தியானத்துலதானே போன் பண்ணும்? அப்போ நான் தூங்கிக்கினு இருப்பேன். என் தூக்கம் கெட்டா வீடு ரெண்டாகும், அதான் எல்லாரும் வாயைப் பொத்திக்கினு இருப்பாங்க." கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். "மீதி நேரமெல்லாம் எங்க வீட்ல இந்தச் சத்தம்தான்பா. சரி, அந்த மூடியைப் போட்டுக் குடு. சீட்டு உரசினா உரசட்டும்."

இம்தியாஸ் மேஜை மேல் கிடந்த மூடியை எடுத்து வந்தான். கார் பக்கத்தில் குனிந்தவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. "மூடியைத் தேடி எடுத்துட்டு வர்றேன் மாமு" என்று சொல்லிவிட்டு மறுபடி கடைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூடி கையிலேயேதான் இருந்தது.