கத்தும் எழுத்து

1953ஆம் ஆண்டு ஹட்டன் மஃறூப் அச்சகத்துக்கு வந்திறங்கிய தடித்த மர அச்செழுத்தை, படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டார்கள். சுழிப்பு, நெளிவு, மெலிவு எதுவுமில்லாமல் மேலும் கீழும் ஒரே பருமனில் அடுப்புக்கட்டை போல நிற்கும் எழுத்து அது. சினிமா, தீபாவளி மலிவு விற்பனை, தொழிற்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதையே போட்டார்கள். குறை ஒன்றுதான், அதற்கு மெல்லப் பேசத் தெரியாது. கொட்டகலைச் செல்லசாமி, "நல்லா எடுப்பா தெரியணுமுங்க" என்று மகளின் கல்யாணப் பத்திரிகைக்கும் அந்த எழுத்தையே கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குச் செவ்வாய்க்கிழமையே ஊர் திரண்டுவிட்டது. 'வருக' என்று கத்தினால் பாவம் என்ன செய்வார்கள்? பாதைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. பாதி நிறைந்த கொழுந்துக் கூடையோடு தேயிலைக்குள் புகுந்து, ஆற்றில் இறங்கி, நேர்கோட்டில் வந்து நின்றார்கள். செல்லசாமி ஆறு நாள் சோறு போட்டார்.

பத்திரிகைக்கு எழுத்துக் கோத்த ஆண்டியப்பன் அந்த நேர்கோட்டை மறக்கவில்லை. அவன் மனைவி பூரணி நோர்வூட் பக்கம் கொழுந்து எடுப்பவள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள். அவர்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் தோட்டத்துத் துரை எதையும் ஒட்ட விடாததால் அந்த எழுத்தை அவள் கண்டதே இல்லை. 1957 மாசியில் லயத்துப் பெண்களோடு சிவனொளிபாத மலைக்குப் போனவள், இறங்கும்போது மூடுபனியில் தனித்துப் போனாள். கூட வந்தவர்கள் தொண்டை வறளக் கூப்பிட்டார்கள். காது கேளாதவளைக் கூப்பிட்டு என்ன பயன்?

தகவல் வந்ததும் ஆண்டியப்பன் இருப்பதிலேயே பெரிய எழுத்தை எடுத்து அடுக்கினான்.

"'வா'ன்னு போடுங்க ஆண்டியப்பன், வந்துருவா" என்றார் முதலாளி மஃறூப்.

"வேணாம் முதலாளி. நேராவே வந்துருவா. அங்கிட்டெல்லாம் பள்ளமுங்க."

'பூரணி, அங்கேயே இரு' என்று அச்சடித்து, பஸ் பிடித்து, மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு தேத்தண்ணிக் கடையின் கூரைக் கம்பில் கட்டினான். மூடுபனி அந்த எழுத்தின் மேல் மட்டும் படியவில்லை. கடைக்காரரும் யாத்திரிகர்களும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றார்கள். காது கேளாதவளுக்கு அது கேட்குமா என்று தெரியாமல் அவன் செத்துச் செத்துப் பிழைத்தான்.

நாலு மணிக்குப் பனி விலகியது. பூரணி ஒரு பாறையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பள்ளம். ஆண்டியப்பன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

"எதுக்குங்க அப்படிக் கத்துனீங்க? காது வலிக்குது" என்றாள் அவள்.

அதன்பிறகு அந்த எழுத்திலேயே ஆகச் சிறிய அளவு ஒன்றை மஃறூப் தருவித்துக் கொடுத்தார். அது கத்தவில்லை, பேசியது. அதில் முதன்முதலாக அச்சடித்த 'சாப்பிட்டியா' என்ற துண்டுக் காகிதம், தினமும் பூரணியிடம் நீட்டி நீட்டி, இரண்டு வருடத்தில் மடிப்பு விட்டுக் கிழிந்தது. ஆண்டியப்பன் வேறொன்று அச்சடித்து எடுத்துப் போனான்.