இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா

ரிவால்வருக்கு ஒரு தோட்டா, ரைஃபிளுக்கு வேறொரு தோட்டா என்று வைத்துக்கொள்பவன் முட்டாள் என்பது டெல்வின் ஹவ்கனின் கட்சி. இடுப்பில் இருப்பதற்கும் தோளில் தொங்குவதற்கும் ஒரே மேக்னம் தோட்டா போதும். அதையும் கடையில் வாங்கக் கூடாது, தன் கையால் செய்ய வேண்டும். இதைத் தீவனக் கடையில் சொல்வான், தேவாலயத்தில் காப்பி ஊற்றும் இடத்தில் சொல்வான். ஒருமுறை பசுவுக்குப் பிரசவம் பார்க்க வந்த மாட்டு டாக்டர், தோள்வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு நகர முடியாமல் நின்றபோதும் சொன்னான்.

கொள்கை இவ்வளவு சத்தமாக இருந்தால் அதற்குப் பின்னால் சொந்தக் காரியம் ஒன்று இருக்கத்தானே செய்யும். டெல்வினுக்கு அது ஓர் அறை. சமையலறைக்குப் பின்புறம், அடுப்புக் குழாய் போகிற சுவரை ஒட்டிய அறை. மொன்டானாவின் ஜனவரியில் அந்த வீட்டில் கைவிரல் மடங்குகிற இடங்கள் இரண்டே. அதில் இது ஒன்று. அங்கேதான் அவனுடைய மேசை, தோட்டா அழுத்தும் பிரஸ், ஐந்து வகைத் துப்பாக்கிகளுக்கான அச்சுகள், வெடிமருந்து டப்பாக்கள் எல்லாம் கிடந்தன. அவன் மனைவி நொரீன் ஆசைப்பட்டு வாங்கிய கில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெரிய இயந்திரமோ கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

வசந்தத்தில் நொரீன் அந்த அறையைக் கேட்டாள். ஒரே தோட்டாக் கொள்கை அப்போதுதான் அவனுக்குக் கைகொடுத்தது. மற்ற துப்பாக்கிகளை விற்றுவிடுகிறேன், ஒரு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரே அச்சு, ஒரே மருந்து. மேசை ஒரு மூலையில் அடங்கிவிடும் என்று மன்றாடினான். பேச்சுக்கு மயங்குகிற ஆள் இல்லை நொரீன். மான் வேட்டை தொடங்கும் நாளன்று ஒரே பெட்டியிலிருந்து இருவரும் தோட்டா எடுப்போம், இரண்டு துப்பாக்கியும் ஒழுங்காகச் சுட்டால் மேசை இருக்கும், இல்லையென்றால் கொட்டகைக்குப் போகும் என்றாள். கொட்டகையில் குளிர்காலத்தில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

அக்டோபரில் கன்றுகளை விற்று முடித்ததும் அவன் வேலையில் இறங்கினான். வாங்கி வைத்திருந்த குண்டுகளின் இடுப்பில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பள்ளங்கள். பித்தளைக் கூட்டின் விளிம்பை அந்தப் பள்ளத்தில் மடித்து இறுக்க வேண்டும். கீழ்ப் பள்ளத்தில் இறுக்கினால் குண்டு சற்று வெளியே நீட்டி நிற்கும், உள்ளே மருந்துக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். தாராளம் என்றால் டெல்வினுக்குப் பிடிக்கும். கீழ்ப் பள்ளத்தையே எடுத்துக்கொண்டான்.

நொரீனின் தம்பி ஆரின், மருந்தும் இல்லாமல், அதைப் பற்றவைக்கும் பொட்டும் இல்லாமல் முதலில் ஒரு வெற்றுத் தோட்டா செய்து, லீவரைத் தள்ளி ரைஃபிளில் ஓட்டிப் பார் என்று சொல்லிப் பார்த்தான். வெடிக்காத தோட்டாவைச் செய்வது உப்பில்லாமல் சமைத்துப் பார்ப்பது போல என்று டெல்வின் சிரித்தான். செய்த ஒவ்வொன்றையும் ரிவால்வரின் உருளையில் போட்டுப் பார்த்தான். டொக்கென்று விழுந்து உட்கார்ந்தது. ரைஃபிளில் ஏன் பார்க்கவில்லை என்றால், மருந்து நிறைத்த தோட்டாவைக் கூரைக்கு அடியில் ரைஃபிளில் ஓட்டக் கூடாது என்பது நொரீனின் சட்டம். அந்தச் சட்டம் பிறந்த கதை ஃபிரிட்ஜ் கதவில், பொம்மைக் காந்தத்துக்குப் பின்னால் ஓட்டையாக இருந்தது. வெளியே போய்ப் பார்த்திருக்கலாம். காற்று அடித்தது. இத்தனை குறுகலான உருளையில் நுழைவது எங்கேதான் நுழையாது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

வேட்டை நாள் விடியலில் இருவரும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடைப் பள்ளத்தில் இறங்கினார்கள். ரைஃபிள் அவனிடம். ரிவால்வர் அவளிடம், பேருக்கு. கோடை முழுக்க அவள் கடைத் தோட்டாவை வாங்கிக் காப்பி டப்பாக்களைச் சுட்டுப் பழகியிருந்தாள். அதை டெல்வின் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

புதருக்குள்ளிருந்து நல்ல கொம்போடு ஒரு மான் வந்து நின்றது. மிருகத்தைப் பார்த்த பிறகுதான் தோட்டாவைத் துப்பாக்கிக் குழலுக்குள் ஏற்றுவான் டெல்வின். அது அவனுடைய சில நல்ல பழக்கங்களில் ஒன்று. விசைக்கு அடியிலிருந்த லீவரைத் தள்ளினான். பாதி தூரம் போய் நின்றது. முன்னால் தள்ளினால் போகவில்லை, பின்னால் இழுத்தால் வரவில்லை. தலைமயிர் அளவு நீளம் கூடிய தோட்டா, தலை தோட்டா அடுக்கும் குழாய்க்குள்ளும் வால் வெளியிலுமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. மான் அவனை வேடிக்கை பார்த்தது. மானைவிட அந்த அறைதான் அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அவனுக்குப் பக்கத்தில் நொரீன் மெதுவாக உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, ஒரே ஒரு முறை சுட்டாள். மான் நாலு தாவு தாவி விழுந்தது.

டெல்வின் மானுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

"பாத்தியா, தோட்டா என்னமா வேலை செஞ்சிருக்கு."

"செஞ்சுது. நீ தூக்கிட்டு வந்ததத் தவிர மத்ததெல்லாம் வேலை செஞ்சுது."

மறுநாள் ஆரின் ரைஃபிளைத் திருகாணி திருகாணியாகக் கழற்றித் தோட்டாவை எடுத்துக் கொடுத்தான். டெல்வின் வீட்டுக்கு வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தான். முப்பது வருஷம் முழங்கை தேய்ந்த மேசை.

நொரீன் வாசலில் வந்து நின்றாள். "எதுக்கு அவுக்கற?"

"பேச்சுன்னா பேச்சுதான, நொரீன்."

"மேசை இங்கயே இருக்கட்டும், டெல். எனக்கு அந்த ரிவால்வர் புடிச்சுப்போச்சு. அதுக்கு வேணுங்கறத நானே செஞ்சுக்கறேன்."

மேசைக்கு அடியிலிருந்து கேள்வி வந்தது. "அப்ப எனக்கு?"

"உனக்கும் அதேதான். ஒரே தோட்டா போதும்னு நீதான ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச?"

அந்தக் குளிர்காலம் கில்ட் இயந்திரமும் தோட்டா மேசையும் ஒரே அறையில் சுகமாக இருந்தன. நொரீன் முதலில் செய்தது ஒரு வெற்றுத் தோட்டா. மேல் பள்ளத்தில் இறுக்கி, மருந்தையும் அதற்குத் தக்கபடி குறைக்க வேண்டும் என்று ஆரினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரைஃபிளில் வெண்ணெயாக ஓடியது. ரிவால்வரிலும் உட்கார்ந்தது. டெல்வின் ஊரெல்லாம் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. இன்றும் அதைத் தீவனக் கடையில் சொல்கிறான். செய்தது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தோட்டா வேண்டுமென்றால் இப்போது அவன் அறைக் கதவைத் தட்ட வேண்டும். நொரீன் தையலிலிருந்து தலை நிமிர்த்தாமல் ஆணியில் தொங்கும் அந்த வெற்றுத் தோட்டாவை எடுத்து நீட்டுவாள்.

"மொதல்ல வெளிய போயி இதப் போட்டு ஓட்டிப் பாத்துட்டு வா."

அவன் அதை வாங்கிக்கொண்டு, ரைஃபிளோடு, காற்றுக்குள் போவான்.